நாற்றிசை ஒலியும் சுருள்நாடாக் கருவியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நூலின் வரலாற்றை ஆராய்வோர் அந்நூல் எழுதப்பட்ட ஏட்டையும் ஆராய்வர். ஓலையின் அளவு, எழுத்தாணியின் கீறல், ஏடுகளைக் கோத்த முறை ஆகியவற்றை அறியாதவர் சுவடியைச் சரியாக வரிசைப்படுத்தவும் இயலாது என்பது பதிப்பாசிரியர்கள் நமக்குக் கற்பித்த பாடம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மனிதக் குரலையும் இசையையும் தாங்கி நின்ற காந்த ஒலிநாடாவுக்கும் இப்பாடம் பொருந்தும். எனினும், நாடாவில் பதிவான பாடலைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாடாவைப் பற்றியும் அதனை இயக்கிய கருவியைப் பற்றியும் நாம் பேசுவதில்லை.

இக்கட்டுரை அத்தகைய கருவிகளுள் ஒரு வகையை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. அறையின் நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்தி, கேட்போரைச் சுற்றி இசை எழச் செய்யும் நோக்குடன் 1970களில் இல்லப் பயன்பாட்டுக்கு விற்கப்பட்ட நான்கு ஒலிவழிச் சுருள்நாடாக் கருவியே அது. ஆங்கிலத்தில் 'குவாட்ரஃபோனிக்' என வழங்கிய அவ்வொலி முறையை 'நாற்றிசை ஒலி' என நாம் சுட்டுவோம். வணிக நோக்கில் இம்முறை தோல்வி கண்டது. பத்தாண்டுகள்கூட அது செழித்து நிற்கவில்லை. தோற்ற கருவி என்பதால் அது மறக்கப்பட்டது. மறக்கப்பட்டதால், அதனால் மட்டுமே முழுமையாகப் படிக்க இயலும் பதிவுகளும் பாதி படிக்கப்பட்டும் தவறாகப் படிக்கப்பட்டும் அழியும் நிலையில் உள்ளன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடாவின் தோற்றம்

காந்தத்தால் ஒலியைப் பதியலாம் என்பதை 1898இல் எஃகுக் கம்பியைக் கொண்டு மெய்ப்பித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டமார் போல்சன். கம்பிக்குப் பதிலாகத் தாள் நாடாவில் இரும்புத் துகளைப் பூசும் முறையை 1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃபுளோய்மர் கண்டறிந்தார். அவ்வுரிமையைப் பெற்ற ஏ.இ.ஜி. நிறுவனம், நாடா உற்பத்தியை மேற்கொண்ட பி.ஏ.எஸ்.எஃப். ஆலையுடன் இணைந்து உருவாக்கிய 'மேக்னெட்டோஃபோன்' கருவி 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1940இல் பெர்லின் வானொலிப் பொறியாளர் வால்டர் வெபர் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைப் பதிவுடன் கலக்கும் முறையைக் கண்ட பின்னரே நாடாவின் இரைச்சல் பெரிதும் அடங்கியது. போர்க்காலத்திலேயே பெர்லினில் இரு ஒலிவழிப் பதிவுகள் செய்யப்பட்டன. வால்டர் கீசெக்கிங் வாசித்த பேத்தோவனின் ஐந்தாம் பியானோ இசைக்கோவை அவ்வாறு 1944இல் பதியப்பட்டு இன்றும் எஞ்சியுள்ளது.

போர் முடிந்தபின் இக்கருவிகள் இரண்டைப் பகுதி பகுதியாகத் தம் நாட்டுக்கு அனுப்பி, 1946இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பொறியாளர் அவையின் முன் இயக்கிக் காட்டினார் அமெரிக்கப் படைப்பிரிவைச் சேர்ந்த ஜாக் மல்லின். பாடகர் பிங் கிராஸ்பியின் ஆதரவால் 1948இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் முதற் கருவி வானொலி நிலையங்களுக்குச் சென்றது. வானொலிக் கூடத்தில் வேர்கொண்ட இக்கருவி இல்லத்துக்குள் நுழையச் சில ஆண்டுகளே ஆயின.

இரு வழியிலிருந்து நான்கு வழிக்கு

கேட்போரைச் சுற்றி ஒலி எழவேண்டும் என்னும் விருப்பம் முதலில் திரையரங்கில் நிறைவேறியது. 1940இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேன்டேசியா' பல ஒலிவழிகளுடன் திரையிடப்பட்டது. 1952இல் 'சினிராமா' ஏழு காந்தத் தடங்களையும், 1953இல் 'தி ரோப்' திரைப்படம் நான்கு காந்தத் தடங்களையும் பயன்படுத்தின. இசையரங்கிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. ஜெர்மனியின் கொலோன் வானொலிக் கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் 1960இல் நிறைவுசெய்த 'கொன்டாக்டே' நான்கு ஒலிவழிகளுக்கென்றே ஆக்கப்பட்டது. சுழலும் மேசையில் ஒலிபெருக்கியை வைத்து, சுற்றிலும் நான்கு ஒலிவாங்கிகளை நிறுத்தி, ஒலியே வட்டமிடுவது போன்ற பதிவை அவர் உருவாக்கினார்.

இல்லத்தைப் பொறுத்தவரை, ஸ்டீரியோ எனும் இரு வழி ஒலியை முதலில் கொண்டுவந்தது இசைத்தட்டு அன்று. நாடாவே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆர்.சி.ஏ. நிறுவனம் 1954இல் ஸ்டீரியோ நாடாக்களை வெளியிட்டது. ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாக விற்பனைக்கு வந்ததோ 1958இல். தட்டின் ஒரே பள்ளத்தில் இரு ஒலிகளைப் பொறிப்பது கடினம். நாடாவிலோ அருகருகே தடங்களைப் பிரித்தால் போதும். நான்கு வழி ஒலியிலும் இதே வரலாறு திரும்ப நிகழ்ந்தது. 1969இல் வேன்கார்டு நிறுவனம் நான்கு ஒலிவழிச் சுருள்நாடாக்களை வெளியிட்டபோது அத்தகைய இசைத்தட்டு எதுவும் கடைகளில் இல்லை. அவ்வாண்டில் பாஸ்டன் நகரின் இரு பண்பலை நிலையங்கள் ஒருசேர ஒலிபரப்பி நான்கு வழிகளையும் கேட்போருக்கு வழங்கிப் பார்த்தன. வீட்டில் இரண்டு ஸ்டீரியோ வானொலிகளை வைத்திருந்தோர் மட்டுமே அதனை முழுமையாகக் கேட்க முடிந்தது.

இம்முயற்சி வெறும் வேடிக்கைக்காக எழுந்தது அன்று. 1837இல் பாரிசில் முதன்முதலாக நிகழ்த்தப்பட்ட பெர்லியோசின் இரங்கற் பெருவழிபாட்டிசை, பித்தளைக் குழல் குழுக்கள் நான்கை அரங்கின் நான்கு மூலைகளில் நிறுத்துமாறு கேட்கிறது. அக்குழுக்கள் நான்கும் ஒரே திசையிலிருந்து ஒலித்தால் அவ்விசையின் அமைப்பே குலைந்துவிடும். மாரிஸ் அப்ரவனெல் நடத்துகையில் யூட்டா இசைக்குழு இப்படைப்பை வழங்க, வேன்கார்டு அதனை நான்கு ஒலிவழிகளில் பதிந்தது. அரங்கின் இடவமைப்பையும் இசையின் ஒரு கூறாகக் கொண்ட படைப்புக்கு இல்லத்தில் முதன்முறையாக இடம் கிடைத்தது எனலாம்.

தடங்களின் கணக்கு

இக்கருவியின் தனித்தன்மையை உணர நாடாவின் அகலத்தை எவ்வாறு பங்கிட்டனர் என்பதை அறிதல் வேண்டும். நாடாவின் அகலம் கால் அங்குலம், அதாவது 6.3 மில்லிமீட்டர். 1950களின் இறுதியில் இல்லக் கருவிகள் இவ்வகலத்தை நான்காகப் பகுத்தன. ஒவ்வொரு தடமும் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். இடையே சிறு இடைவெளி. சாதாரண ஸ்டீரியோ கருவி ஒரு திசையில் ஓடும்போது 1, 3ஆம் தடங்களைப் படிக்கும். சுருள்களை இடம் மாற்றி மறுபக்கம் ஓட்டினால் 2, 4ஆம் தடங்களைப் படிக்கும். ஒரே நாடாவில் இரு பக்கங்கள் கிடைத்தன.

நாற்றிசைக் கருவி இப்பங்கீட்டை மாற்றவில்லை. திசையை மட்டும் மாற்றியது. நான்கு தடங்களும் ஒரே திசையில் ஒருசேரப் பதியப்பட்டன. முன் இடமும் முன் வலமும் 1, 3ஆம் தடங்களில் அமைந்தன; பின் இடமும் பின் வலமும் 2, 4ஆம் தடங்களில் அமைந்தன. ஆகவே நான்கு வழி நாடாவைச் சாதாரண ஸ்டீரியோ கருவியில் இட்டாலும் முன்புற இசை கேட்கும். விற்பனைக்கு இது வசதியே. எனினும், பின்புற இசை அங்கே இருப்பதை அக்கருவி தெரிவிக்காது. மறுபக்கம் என எண்ணிச் சுருளைத் திருப்பினால், பின்புற ஒலி இறுதியிலிருந்து தொடக்கம் நோக்கித் தலைகீழாக ஒலிக்கும்.

இப்பங்கீட்டால் நேரமும் சுருங்கியது. 7 அங்குலச் சுருளில் 1200 அடி நாடா உண்டு. நொடிக்கு 7½ அங்குல வேகத்தில் அது 32 நிமிடம் ஓடும். ஸ்டீரியோவில் இரு பக்கங்களும் சேர்ந்து 64 நிமிடம் கிடைத்த இடத்தில், நாற்றிசை ஒலிக்கு 32 நிமிடமே கிடைத்தது. ஆதலால் மெல்லிய நாடாவோ 10½ அங்குலப் பெருஞ்சுருளோ தேவைப்பட்டது. தலைப்பில் நான்கு காந்த இடைவெளிகள், நான்கு பதிவுச் சுற்றுகள், நான்கு பெருக்கிகள், நான்கு ஒலிபெருக்கிகள் எனச் செலவும் பெருகிற்று. டீயாக் 3340, சோனி டி.சி.-854-4, அகாய் ஜி.எக்ஸ்.-280டி-எஸ்.எஸ்., டோக்கார்டர் 1140 ஆகிய ஜப்பானியக் கருவிகள் 1970களில் இச்சந்தையில் முன்நின்றன.

இசைத்தட்டுடன் நேர்ந்த போட்டி

நாடா விலை மிக்கது. அதனைப் படியெடுப்பதும் மெதுவான வேலை. எனவே பெருநிறுவனங்கள் நான்கு வழியைத் தட்டில் அடக்க முற்பட்டன. சி.பி.எஸ். நிறுவனத்தின் எஸ்.க்யூ. முறை, சான்சுயியின் க்யூ.எஸ். முறை, ஜே.வி.சி. உருவாக்கி ஆர்.சி.ஏ. ஏற்ற சி.டி.-4 முறை என மூன்று முறைகள் 1970களின் தொடக்கத்தில் களமிறங்கின. முதல் இரண்டும் நான்கு ஒலிகளைக் கலந்து இரண்டாக்கி, கேட்கும்போது மீண்டும் நான்காக்க முயன்றன. கலந்ததை முற்றாகப் பிரிக்க இயலாது. துணைச் சுற்று இல்லாத எஸ்.க்யூ. முறையில் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடைப்பட்ட பிரிவு சுமார் 3 டெசிபல் மட்டுமே. சி.டி.-4 நான்கையும் தனித்தனியே காத்தது. ஆனால் 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையைப் படிக்கவல்ல தனிவகை ஊசியை அது கேட்டது. பள்ளம் தேய்ந்தால் பின்புற ஒலி கெட்டது.

ஒன்றோடொன்று ஒவ்வாத மூன்று முறைகள் வாங்குவோரைக் குழப்பின. பக்கவாட்டில் எழும் ஒலியின் இடத்தை முன்னும் பின்னும் நிற்கும் இரு பெருக்கிகளால் உறுதியாக உணர்த்த இயலாது என்னும் அடிப்படைக் குறையும் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கணிதவியலாளர் மைக்கேல் கெர்சோன் இக்குறையைச் சுட்டி மாற்று முறையொன்றை வகுத்தார். 1970களின் பிற்பகுதியில் நாற்றிசைச் சந்தை ஏறத்தாழ முடிவுற்றது. தட்டு முறைகளின் தோல்வி, அக்குறைகள் பலவற்றைக் கொண்டிராத நாடாவையும் உடன் இழுத்துச் சென்றது என்பதே நம் கருத்து.

கேட்கும் கருவி ஆக்கும் கருவியாதல்

தோல்வியின் நடுவே இக்கருவி வேறொரு வாழ்வைப் பெற்றது. சுருள்நாடாக் கருவியில் அழிக்கும் தலைப்பு, பதியும் தலைப்பு, படிக்கும் தலைப்பு என மூன்று வரிசையாக நிற்கும். முன்பு பதிந்த பாட்டைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் மற்றொன்றைப் பதிய விழைந்தால், பதியும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு காலத்தாழ்வாகிவிடும். அத்தொலைவு 5 சென்டிமீட்டர் எனக் கொண்டால், நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் தாழ்வு கால் நொடிக்கும் சற்று மிகும். தாளம் கூடாது.

பதியும் தலைப்பையே தற்காலிகமாகப் படிக்கவும் பயன்படுத்துவது இதற்குத் தீர்வு. ஆம்பெக்ஸ் நிறுவனம் இம்முறையைக் கையாண்டு, இசைக்கலைஞர் லெஸ் பாலுக்கு 1957இல் எட்டுத் தடக் கருவியை வழங்கியது. அன்று அது செல்வர்க்கும் கூடங்களுக்கும் உரியது. டீயாக் 3340 'சைமல்-சிங்க்' என்னும் பெயரில் அவ்வசதியை இல்லக் கருவியில் வைத்தது. கேட்போரைச் சுற்றி நான்கு ஒலிகளை எழுப்பச் செய்த கருவி, ஒருவரே நான்கு இசைக்கருவிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துச் சேர்க்கும் கருவியாயிற்று.

இதன் பயன் வரலாற்றில் பதிந்துள்ளது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1973இல் லீ 'ஸ்கிராட்ச்' பெர்ரி தம் வீட்டுப் புழக்கடையில் அமைத்த 'பிளாக் ஆர்க்' கூடம் டீயாக் நான்கு தடக் கருவியையே நம்பி இயங்கியது. ரெகே, டப் இசையின் புகழ்பெற்ற பதிவுகள் பல அங்கே பிறந்தன. டீயாக் தோற்றுவித்த டாஸ்காம் பிரிவு 1979இல் இவ்வசதியைக் கேசட்டில் அடக்கி 'போர்ட்டாஸ்டூடியோ'வை வெளியிட்டது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 1982ஆம் ஆண்டு வெளியீடான 'நெப்ராஸ்கா' அக்கருவியில் வீட்டறையில் பதியப்பட்டது. விற்போர் எண்ணிய பயன் ஒன்று, வாங்கியோர் கண்ட பயன் மற்றொன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

எச்சமும் சிதைவும்

நாற்றிசை ஒலியின் கூறுகள் முற்றாக மறையவில்லை. ஒலிகளைக் கலந்து பிரிக்கும் முறை 1970களின் நடுவில் டால்பி ஸ்டீரியோவாகத் திரையரங்கிலும், 1982 முதல் இல்லத்திலும் மறுவாழ்வு பெற்றது. 1999இல் சூப்பர் ஆடியோ குறுவட்டும் 2000இல் டிவிடி-ஆடியோவும் வந்தபின் நிறுவனங்கள் பழைய நான்கு வழிப் பதிவுகளைத் தேடின. 'சிகாகோ' குழுவின் நான்கு வழித் தொகுதி 2016இல் மீண்டும் வெளிவந்தது. இவ்வெளியீடுகளுக்கு மூலச் சுருள்களே தேவைப்பட்டன. கலந்து அச்சிட்ட தட்டிலிருந்து அப்பிரிவை அதே தெளிவுடன் மீட்க இயலாது.

ஆனால் சுருள்களும் சிதைகின்றன. 1970களின் நடுப்பகுதி முதல் உற்பத்தியான பல நாடாக்களில், துகளைப் பிணைக்கும் பாலியூரித்தேன் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. ஓட்டினால் துகள் தலைப்பில் அப்பிக்கொள்ளும். ஏறத்தாழ 54 பாகை செல்சியசு வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தினால் நாடா சில வாரங்களுக்கு ஓடும் நிலை பெறும். அதற்குள் படியெடுத்தாக வேண்டும். அதற்கு முற்பட்ட அசெட்டேட் நாடாவை இவ்வாறு சூடாக்குதல் கூடாது. சுருளை ஒளிக்கெதிரே பிடித்தால் அசெட்டேட் ஒளியை ஊடுருவ விடும், பாலியெஸ்டர் விடாது.

கருவியின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. புதிய நாடா இன்றும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் உற்பத்தியாகிறது. தேய்ந்த தலைப்புக்கு மாற்றுத் தலைப்பும் அதனை நேர்செய்யும் கைத்திறனுமே அரிதாகிவிட்டன. 2019இல் யுனெஸ்கோவும் பன்னாட்டு ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் மேற்கொண்ட 'காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம்', ஏறத்தாழ 2025ஆம் ஆண்டுக்குப் பின் இந்நாடாக்களை ஓட்டுவதே கடினமாகும் என எச்சரித்தது. அவ்வாண்டை நாம் எட்டிவிட்டோம்.

நாடாவும் சுவடியும்

இவ்வரலாறு நம் துறைக்கு எவ்வாறு தொடர்புடையது என வினவலாம். நம் துறையினர் கையில் சேரும் சுருள்களில் நான்கு வழி இசை இருப்பது அரிதே. பெரும்பாலானவை ஒற்றை ஒலிவழிச் சொற்பொழிவுகளும் நாட்டுப்புறப் பாடல்களும் ஆகும். எனினும் தடம் பற்றிய சிக்கல் ஒன்றே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் குடும்பத்தார் எம்மிடம் ஒரு 7 அங்குலச் சுருளை ஒப்படைத்தனர். முன்பே அதனை ஒரு கூடத்தில் கணினிக்கு மாற்றியிருந்தனர். இடப்புறத்தில் ஓர் உரை தெளிவாகக் கேட்டது. வலப்புறத்தில் பொருளற்ற முனகல். பெட்டியின்மேல் 'வலப்புறம் பழுது' என எழுதி, அப்பகுதியை நீக்கிவிட்டுக் குறுவட்டை வழங்கியிருந்தனர். அம்முனகலை நாம் கணினியில் தலைகீழாகத் திருப்பியபோது மூதாட்டி ஒருவரின் தாலாட்டு எழுந்தது. குடும்பத்தார் அக்குரலை உடனே அறிந்துகொண்டனர். அரைத் தட ஒற்றைவழிக் கருவியில் இரு பக்கமும் பதியப்பட்ட நாடாவை ஸ்டீரியோ கருவியில் ஓட்டியதால் நேர்ந்த பிழை அது. நாடாவில் பழுது ஏதும் இல்லை. படித்த முறையே பிழை. மூலச் சுருளைக் குடும்பத்தார் எறியாது வைத்திருந்ததால் அக்குரல் பிழைத்தது.

இந்திய இசைப் பதிவுகளை ஒன்றுதிரட்டும் நோக்குடன் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1982இல் இனவரைவு இசையியல் ஆவணக் காப்பகத்தை நிறுவியது. அத்தகைய காப்பகங்கள் சுருளோடு அதன் வேகம், தட அமைப்பு, பதிந்த கருவி ஆகியவற்றையும் குறித்து வைக்கின்றன. சுவடியின் முகப்பிலும் இறுதியிலும் உள்ள குறிப்புகளுக்கு நிகரானவை இவை. தனியார் வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ள சுருள்களுக்கு இக்குறிப்புகள் பெரும்பாலும் இல்லை. ஆகவே, படியெடுப்போர் நான்கு தடங்களையும் ஒரே ஓட்டத்தில் தனித்தனிக் கோப்புகளாக எடுப்பதே பாதுகாப்பான வழி. ஒவ்வொரு கோப்பையும் நேராகவும் தலைகீழாகவும் கேட்ட பின்னரே எது பழுது, எது பாடம் என முடிவு செய்தல் வேண்டும். நான்கையும் ஒருசேரப் படிக்கவல்லது எது? 1970களில் சூழொலிக்கென விற்கப்பட்டுத் தோற்றுப்போன அந்த நாற்றிசைக் கருவிதான்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, நான்கு வழி ஒலியை இல்லத்துக்குக் கலப்பின்றிக் கொண்டுவந்தது சுருள்நாடாவே. அதன் வீழ்ச்சிக்கு நாடாவின் விலையோடு தட்டு முறைகளின் முரண்பாடும் காரணமாயிற்று. இரண்டாவதாக, சூழொலியில் தோற்ற அக்கருவி வீட்டறையைப் பதிவுக் கூடமாக்கியதில் வென்றது. மூன்றாவதாக, இன்று அதன் தேவை இசை நுகர்வோடு முடிவதில்லை; பதிவுகளைப் பிழையறப் படிக்கும் கருவியாகவும் அது வேண்டப்படுகிறது.

பழங்கருவிகளைக் களஞ்சிய அறையிலிருந்து அகற்றும் பணி நம் கல்வி நிலையங்களில் அவ்வப்போது நடைபெறுகிறது. அகற்றும் முன் அதன் தலைப்பில் எத்தனை தடங்கள் உள்ளன என்பதை ஒருமுறை பார்த்தல் நலம். நான்கு இருப்பின், அதனைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது நம் கடமை. ஓலையைக் காத்தோர் எழுத்தைப் படிக்கும் திறனையும் உடன் காத்தமையால்தான் நமக்குச் சங்க நூல்கள் கிட்டின. நாடாவுக்கும் அதுவே நெறி.